பார்த்தேன், சரி

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. மரியாதைதான் காரணம். ஆய்வில் பங்கெடுத்தவரின் அடையாளத்தை அவர் சம்மதம் இல்லாமல் வெளியிடக்கூடாது என்பது நல்ல ஆராய்ச்சி நடைமுறைப் பயிற்சியின் மூன்றாவது பாடம். முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்யும் அறிவியல் மாணவர்களுக்கு வருஷா வருஷம் விழுப்புரத்தில் அந்தப் பயிற்சியை நடத்துகிற ஒருங்கிணைப்பாளன் நான். நானே மீறினால் நன்றாகவா இருக்கும்?

ஆகவே அக்கா என்றே சொல்கிறேன். திண்டிவனத்தில் பேராசிரியர் முதல் பால்காரர் வரை எல்லாருக்கும் அவர் அக்காதான். ரயில் நிலையம் போகிற வழியில், ஒரு ஜூஸ் கடைக்கும் செல்போன் ரீசார்ஜ் கடைக்கும் நடுவில் அவருடைய டி.டி.பி. கடை இருந்தது. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், சுருள் கம்பி கோத்து பைண்டிங் போட ஒரு இயந்திரம். கோட்டக்குப்பத்தில் பிறந்து திண்டிவனத்துக்கு வாழ வந்தவர். கணவர் துபாயில் ஏ.சி. மெக்கானிக். படிப்பு பிளஸ் டூ. அந்தப் பிளஸ் டூவின் விரல் வழியாகத்தான் எங்கள் பக்கத்து முனைவர்கள் பல பேர் முனைவர் ஆனார்கள். ஆய்வேட்டின் முன்பக்கத்தில் கடவுள், நெறியாளர், மனைவி, மாமனார் எல்லாருக்கும் நன்றி சொன்னவர்கள், அந்த நன்றியை அடித்துக் கொடுத்தவருக்குச் சொல்ல மறந்துபோனார்கள். நானும் மறந்தவன்தான்.

அக்காவிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. தப்புச் செய்தால் சொல்லிவிடுவார்.

கேட்டால் சொல்வது வேறு. மாட்டிக்கொண்டால் சொல்வது வேறு. அதெல்லாம் நாகரிகமானவர்கள் செய்கிற காரியம். அக்கா, யாரும் கேட்காதபோதே சொல்வார். ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போனவரைப் பாதித் தெருவில் துரத்திப் பிடித்து, "ரெண்டாவது பக்கம் அடியில ஒரு வரி வெட்டிக்கினு போயிடுச்சுங்க, தப்பு என்னுது, வாங்க வேற எடுத்துத் தரேன்" என்பார். அந்த ஆள் அதுவரை நிம்மதியாக இருந்திருப்பார். பஸ்ஸை விட்டுவிட்டு அக்காவின் பின்னால் திரும்பி நடப்பார். ஊருக்கே பேஜாரு.

அந்தத் தொழிலின் வேலை முறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். டி.டி.பி. கடையில் எதையும் புதிதாக ஆரம்பிக்க மாட்டார்கள். பழைய கல்யாணப் பத்திரிகையின் ஃபைலைத் திறப்பார்கள். பழைய மாப்பிள்ளையின் மேல் புது மாப்பிள்ளையை அடிப்பார்கள். பழைய மண்டபம் இருந்த இடத்தில் புது மண்டபம் வரும். சேமித்து அச்சடித்தால் வேலை முடிந்தது. ஆய்வேடும் அப்படித்தான். போன வருஷத்து முனைவரின் அட்டவணையைத் திறந்து, அவர் எண்களின் மேல் நம் எண்களை அடித்தால் நம்முடைய ஆராய்ச்சி தயார். கட்டம், கோடு, எழுத்தின் அளவு எல்லாம் அமைந்தே வந்துவிடும். எதையாவது மாற்ற மறந்தால் பழைய மாப்பிள்ளை உள்ளேயே உட்கார்ந்திருப்பார்.

பெருமுக்கல் பக்கத்தில் ஒரு கல்யாணத்துக்கு அப்படித்தான் ஆனது. முகூர்த்தம் காலை ஆறிலிருந்து ஏழரை. பழைய ஃபைலில் இருந்த ஒன்பதிலிருந்து பத்தரை அப்படியே அச்சாகிவிட்டது. பத்திரிகையெல்லாம் கொடுத்து முடித்தாகிவிட்டது. பெண்ணின் அப்பாவுக்கே தெரியாது. இரண்டு நாள் கழித்து வேறு வேலைக்கு ஃபைலைத் திறந்த அக்கா பார்த்துவிட்டு, ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நேராக அவர் வீட்டுக்கே போய் நின்றார்.

"உடும்மா, சொந்தக்காரங்களுக்குத் தெரியாதா, போன்ல சொல்லிக்கலாம்" என்றாராம் அவர்.

"தப்பு பண்ணவ நானு. நீங்க ஏன் போன் பண்ணிக்கினு இருக்கணும்? யார் யாருக்குக் குடுத்தீங்கன்னு லிஸ்ட் குடுங்க."

நான்கு நாள் கடையை மூடிவிட்டு ஊர் ஊராகப் போனார். ஒவ்வொரு வீட்டிலும் பத்திரிகையைக் கேட்டு வாங்கி, பேனாவால் அடித்துத் திருத்தி, "தப்பு என்னுது, ஆறு மணிக்கே வந்துடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். அப்புறம் என்ன? எங்கள் பக்கத்தில் சொன்ன நேரத்துக்குக் கூட்டம் வந்த ஒரே கல்யாணம் அதுதான். மாப்பிள்ளை மட்டும் ஏழு மணிக்கு வந்து சேர்ந்தார்.

அதற்குப் பிறகுதான் அந்த ரப்பர் ஸ்டாம்ப் வந்தது. 'பார்த்தேன், சரி' என்று இரண்டே வார்த்தை, அடியில் கையெழுத்துக்கும் தேதிக்கும் ஒரு கோடு. எந்த வேலையானாலும் முதலில் ஒரு புரூஃப் தாள் அச்சடித்து, அதில் ஸ்டாம்ப் குத்தி நம்மிடம் நீட்டுவார். நாம் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தாள்களை அடுக்கி, மேஜைக்கடியில் ஃபைல் போட்டு வைத்திருப்பார்.

"உஷாராயிட்டீங்களேக்கா! இனிமே தப்பு வந்தா எங்க தலையில கட்டிடலாம்" என்று ஒருமுறை சீண்டினேன்.

"நான் தப்பிக்கறதுக்கு இல்ல தம்பி. ரெண்டு கண்ணு பாத்தா ஒண்ணு உட்டுப்பூடுது. நாலு கண்ணு பாத்தா நல்லதுன்னுதான்" என்றார். நான் சிரித்தேன். அப்போது நான் சிரிக்கிற வயதில் இருந்தேன்.

நான் அப்போது விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் முனைவர் பட்ட ஆய்வாளன். வீடு திண்டிவனம். தினமும் பாசஞ்சர் ரயிலில் போய் வருவேன். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விளைகிற நிலங்களின் மண்ணை ஆராய்வது என் வேலை. முகையூரிலிருந்து ஒலக்கூர் வரை ஏழு ஊர்களில் மண் எடுத்துப் பையில் கட்டி, சோதனைக்கூடத்தில் கரைத்து, கார அமிலத் தன்மை எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று அளந்து நோட்டில் எழுதுவேன். என் நெறியாளர் பெரிய மனிதர். கல்லூரியில் நல்ல ஆராய்ச்சி நடைமுறைப் பயிற்சிக்கு ஒருங்கிணைப்பாளர் அவர்தான். அந்த நாற்காலியில்தான் இப்போது நான் உட்கார்ந்திருக்கிறேன்.

பயிற்சிக்கு ஒரு கையேடு வேண்டும் என்றார்கள். நெறியாளர் ஓர் இரவுக்குள் அறுபது பக்கம் எழுதிவிட்டார். சும்மா சொல்லக்கூடாது, அபார வேகம். அதைத் தமிழிலும் போட வேண்டும் என்று கல்லூரி முதல்வர் ஆசைப்பட்டார். மொழிபெயர்க்கிற பாக்கியம் எனக்கு வாய்த்தது. அக்கா கடையில் உட்கார்ந்து நான் சொல்லச் சொல்ல அவர் அடித்தார். எட்டாம் பக்கம் வந்ததும் கையை எடுத்துவிட்டார்.

"தம்பி, இதுல வேற ஏதோ ஊரு யுனிவர்சிட்டி பேரு இருக்குது. உங்க காலேஜ் பேரு இல்லியே."

எட்டிப் பார்த்தேன். ஆமாம். பக்கத்தின் நடுவில் வட இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயர் கம்பீரமாக இருந்தது. அத்தியாயத்தின் தலைப்பு, 'பிறர் எழுத்தைத் தம் எழுத்தாகக் காட்டாதிருத்தல்'.

நான் தடுப்பதற்குள் அக்கா நெறியாளருக்குப் போன் போட்டுவிட்டார். "சார், எட்டாம் பக்கத்துல ஒரு பேரு உட்டுப்போச்சு. எடுத்துடவா, இருக்கட்டுங்களா?" மறுமுனையில் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "எடுத்துடும்மா" என்றார். அக்காவும் எடுத்துவிட்டார். அறுபது பக்கத்தில் நெறியாளர் தானே செய்த திருத்தம் அது ஒன்றுதான்.

அக்காவிடம் இன்னொரு தொல்லை. புரியாததை அடிக்க மாட்டார். 'மூலத் தரவு' என்று சொன்னேன். அப்படியென்றால் என்ன என்று கேட்டார். வயலிலும் சோதனைக்கூடத்திலும் அப்போதைக்கப்போது எழுதும் நோட்டு, அதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்று விளக்கினேன்.

"உங்க நோட்டு எங்க தம்பி?"

"வீட்டுல இருக்குது. பரண் மேல."

"பரண் மேல வெக்கச் சொல்லியா இதுல போட்டிருக்குது?" என்று கேட்டுவிட்டு மேலே அடித்தார்.

இன்னொரு வரி வந்தது. 'பிழை ஒன்று தெரியவந்த உடனே அதை வெளிப்படையாக அறிவித்துத் திருத்துவது ஆய்வாளரின் கடமை.' அக்கா அதை அடித்துவிட்டு இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார்.

"இத்த சொல்றதுக்கா ரெண்டு நாள் பயிற்சி?"

பயிற்சி கோலாகலமாக நடந்தது. முதல் நாள் காலை குத்துவிளக்கு, பிறகு நெறியாளரின் பேருரை. நேர்மைதான் அறிவியலின் முதுகெலும்பு என்று அவர் சொன்னபோது கைதட்டல் நிற்கவே இல்லை. மத்தியானம் வெஜிடபிள் பிரியாணி. சாப்பிட்டு முடித்ததும், ரயில் பிடிக்க வேண்டியவர்களின் வசதிக்காக, இரண்டாம் நாள் வருகைப் பதிவேட்டிலும் முதல் நாளே கையெழுத்து வாங்கிவிட்டார்கள். சான்றிதழும் கையோடு வந்தது. நான் இரண்டாம் நாள் வீட்டில் தூங்கினேன். கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்து, புரிந்து, நம்பியவர் எங்கள் வட்டாரத்தில் ஒரே ஒருவர். அவருக்கு யாரும் சான்றிதழ் கொடுக்கவில்லை. எங்களுக்கெல்லாம் சான்றிதழ் அடித்தவர் அவர்.

இனி என் அட்டவணைக்கு வருகிறேன். ஏழு ஊர், ஏழு வரி. நோட்டைப் பார்த்து எண்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அக்கா வழக்கம்போலப் பழைய ஃபைலைத் திறந்தார். மரக்காணம் பக்கத்து இறால் குட்டைகளைப் பற்றி வேறொருவர் செய்த ஆய்வு அது. ஏழு குட்டை, ஏழு வரி, அதே தலைப்புகள். ஒவ்வொன்றாக மேலே அடித்துக்கொண்டு வந்தவர், கடைசி வரியில் உப்புக் கட்டத்துக்கு வரும்போது யாரோ ரேஷன் கார்டு ஜெராக்ஸ் கேட்டிருக்கிறார்கள். எழுந்து போனார். திரும்பி வந்து அடுத்த கட்டத்திலிருந்து அடித்தார். ஆக, ஒலக்கூர் மண்ணின் உப்பு 0.31 என்று இருக்க வேண்டிய இடத்தில் இறால் குட்டையின் 8.64 அப்படியே உட்கார்ந்துகொண்டது.

புரூஃப் தாளை நீட்டினார். எனக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

"பாத்துட்டுப் போடுங்க தம்பி."

"பாத்துட்டேங்க்கா. ஜல்தி குடுங்க, வண்டி வந்துடும்."

வாசலில் நின்ற அவர் ஸ்கூட்டியின் சீட் மேல் தாளை வைத்து, 'பார்த்தேன், சரி' என்பதற்கு அடியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு ஓடினேன். எதைப் பார்த்தேன்? ஸ்டாம்பைப் பார்த்தேன்.

நெறியாளர் அட்டவணையைப் பார்த்தார். அவர் கண்ணில் பட்டது அந்த ஒரே எண்தான். "என்னப்பா இது! ஒலக்கூர்ல எட்டு புள்ளி ஆறு நாலா! கடல் தண்ணி உள்ள வந்துக்கிட்டு இருக்குதுப்பா!" என்று நாற்காலியிலிருந்தே எழுந்துவிட்டார். கடற்கரை எங்கே, ஒலக்கூர் எங்கே? நடுவில் இருக்கிற ஊர்களையெல்லாம் கடல் எப்படித் தாண்டி வந்தது? நோட்டில் என்ன இருக்கிறது? இப்படி ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேள்வி கேட்டால் கண்டுபிடிப்பு போய்விடுமே. நானும் கேட்கவில்லை. என் ஆய்வேட்டில் ஐந்தாம் அத்தியாயமாகக் கடல் வந்து சேர்ந்தது. ஒரு கருத்தரங்கில் கட்டுரை வாசித்தோம், சிறந்த கட்டுரைக்குக் கேடயம் கொடுத்தார்கள். ஒரு பத்திரிகையில், ஒலக்கூர் வரை கடல் நீர், அதிர்ச்சித் தகவல் என்று படத்தோடு செய்தி வந்தது. படத்தில் நெறியாளர் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க ஆறு நாள் இருந்தது. காலக்கெடு ஏற்கெனவே ஒருமுறை நீட்டித்தது, இனி நீட்டிக்க மாட்டார்கள். பைண்டிங் போடுவதற்காக அக்கா கடையில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு விவசாயி உள்ளே வந்தார். அறுபது வயது இருக்கும். கலெக்டருக்கு மனு அடிக்க வேண்டும் என்றார். அக்கா அதுவும் செய்வார்.

"எந்த ஊருங்க ஐயா?"

"ஒலக்கூர் பக்கம்மா. என் நெலத்துல உப்பு பூந்துடுச்சாம். மல்லாட்டை இனிமே வராதாம். சவுக்கு வெச்சுடலாம்னு நர்சரியில கண்ணுக்குச் சொல்லிட்டேன். அடுத்த வாரம் வந்துடும். அதுக்கு முன்னாடி ஏதாச்சும் நிவாரணம் குடுப்பாங்களான்னு ஒரு மனு."

"போன தடவ மல்லாட்டை வரலீங்களா?"

"நல்லாத்தான்ம்மா வந்துது. காய் புடிச்சு எடுக்க மாளல. ஆனா பேப்பர்ல உப்புன்னு போட்டுட்டாங்களே! மண்ண வாயில போட்டும் பாத்தேன். எனக்கு ஒண்ணும் தெரியல. வயசாயிடுச்சு, நாக்கு செத்துப்போச்சு போலன்னு நெனச்சிக்கினேன். பொண்டாட்டி கத்துறா, நெலத்த நம்பாம பேப்பர நம்புறியேன்னு. படிச்சவங்க சும்மாவா சொல்லுவாங்க?"

மடித்து வைத்திருந்த செய்தித்தாளை மேஜை மேல் பிரித்தார். அக்கா எண்ணைப் பார்த்தார். எட்டு புள்ளி ஆறு நான்கு. விரல் தானாக எண் பலகை மேல் போனது. அடித்துப் பார்த்தார். இன்னொருமுறை அடித்தார். முன்பே எங்கோ அடித்த எண் என்று விரலுக்குத் தெரிந்தது. பிறகு இறால் குட்டை ஃபைலைத் திறந்து கடைசி வரிக்குப் போனார்.

"யா அல்லா!" என்றார். என் பக்கம் திரும்பி, "தம்பி, இது உங்க மண்ணு இல்ல. இது குட்டை. மாத்தாம உட்டுட்டேன். தப்பு என்னுது" என்றார்.

 ஆறு நாள், ஐந்தாம் அத்தியாயம், கேடயம் என்று மூன்றும் ஒன்றாக எனக்கு நினைவுக்கு வந்தன. அந்த மனிதரின் சவுக்குக் கன்று மட்டும் நினைவுக்கு வரவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

"ஐயா, மனு வேணாம். உங்க மண்ணுல உப்பு இல்ல" என்றார் அக்கா.

"பேப்பர்ல..."

"பேப்பர்ல வந்தது நான் அடிச்ச தப்பு. கண்ணு வேணாம்னு சொல்லிடுங்க."

அவர் அக்காவையும் பேப்பரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு டி.டி.பி. கடைப் பெண்மணி சொல்வதை நம்புவதா, படத்தோடு வந்த பேராசிரியர் சொல்வதை நம்புவதா? "நீங்க சொல்லுங்க சார்" என்று என்னைக் கேட்டார். நான் இன்னும் ஒருமுறை சரிபார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். எவ்வளவு அறிவியல்பூர்வமான பதில்!

பரண் மேல் ஏறி நோட்டை எடுத்துப் பார்த்தேன். 0.31. என் கையெழுத்திலேயே இருந்தது. விழுப்புரம் ஓடி நெறியாளரிடம் சொன்னேன். அவர் கதவைச் சாத்தினார்.

"இப்ப என்னப்பா பண்ணணுங்கற? கட்டுரை வந்தாச்சு. புது புராஜெக்ட்டுக்கு இத வெச்சுத்தான் எழுதிப் போட்டிருக்கேன். கடல் ஏறிக்கிட்டுத்தானே இருக்கு? இன்னிக்கி இல்லன்னாலும் ஒரு நாள் வரும். நாம கொஞ்சம் முன்னாடியே சொல்லிட்டோம், அவ்ளோதான்."

"அந்த விவசாயி சவுக்கு வெக்கப் போறாரு சார்."

"சவுக்கு நல்ல பயிர்தான்ப்பா."

நான் வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். இவ்வளவு தெளிவாக விளக்கியவரிடம் வேறென்ன பேசுவது?

அக்கா வாயை மூடவில்லை. ஒரே பக்கத்தில் பெரிய எழுத்தில் ஓர் அறிவிப்பு அடித்தார். 'ஒலக்கூர் மண்ணில் உப்பு என்று வந்த செய்தி தவறு. தட்டச்சு செய்யும்போது வேறு ஊரின் எண் மாறிவிட்டது. தப்பு என்னுடையது.' அடியில் தன் பெயர், கடைப் பெயர், போன் நம்பர். கல்யாணப் பத்திரிகைக்குப் போன அதே ஸ்கூட்டியில் ஒலக்கூர் போய், டீக்கடை, உரக்கடை, பால் ஊற்றுகிற இடம் என்று ஒவ்வொன்றிலும் ஒட்டினார். அந்த விவசாயி வீட்டு வாசலில் உட்கார்ந்து, அவர் மனைவி எதிரிலேயே நர்சரிக்குப் போன் போட வைத்துவிட்டுத்தான் எழுந்தாராம். ஒரு பிரதியைப் பத்திரிகைக்கும் ஒரு பிரதியைக் கல்லூரி முதல்வருக்கும் தபாலில் அனுப்பினார். என் பேரையோ நெறியாளர் பேரையோ எதிலும் போடவில்லை.

மூன்றாம் நாள் கடைக்குப் போனேன். ஒரு பாத்திரம் நிறைய வேகவைத்த மல்லாட்டை இருந்தது. அந்த விவசாயி வீட்டில் கொடுத்தனுப்பியதாம்.

"சாப்புடுங்க தம்பி. உப்பு நான் போட்டது. மண்ணுல இருந்தது இல்ல" என்று சிரித்தார். நான் ஒன்றை உரித்து, தின்னாமல் மேஜை மேல் வைத்துவிட்டேன்.

கல்லூரியில் பூகம்பம். பிழை நடந்ததற்காக அல்ல, ஒருத்தி அதைக் காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டதற்காக. கையெழுத்தோடு ஒரு காகிதம் வந்துவிட்டால் விசாரணைக் குழு போட்டாக வேண்டும், அதுவும் என் காலக்கெடு முடிவதற்குள். போட்டார்கள். தலைவர் யார்? என் நெறியாளர்தான். ஆராய்ச்சி நெறியில் அனுபவம் உள்ளவர் அவர் ஒருவர்தானே. தனக்குச் சம்பந்தம் உள்ள விஷயத்தில் தானே தீர்ப்புச் சொல்லக்கூடாது என்று கையேட்டில் ஒரு முழு அத்தியாயம் இருந்தது. அதையும் அக்காதான் அடித்தார்.

விசாரணைக்கு முன்னால் நெறியாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "புரூஃப் பாத்து நீ கையெழுத்துப் போட்டிருந்தா, அது உன் தப்பு. உன் தப்புன்னா பட்டம் போச்சு. புரூஃபே காட்டலன்னா வெறும் தட்டச்சுப் பிழை. ஒரு திருத்தச் சீட்டு ஒட்டிட்டுச் சமர்ப்பிச்சுடலாம். யோசிச்சுக்கோ" என்றார்.

ஐந்து வருஷம். அம்மா அக்கம்பக்கத்தில் ஏற்கெனவே என்னை டாக்டர் என்று சொல்ல ஆரம்பித்திருந்தார். ஒரு வேலை கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. யோசித்தேன். ரொம்ப நேரம் ஆகவில்லை.

அறையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஓர் ஓர நாற்காலியில் இருந்தார். முதலில் என்னைத்தான் கேட்டார்கள்.

"அட்டவணையோட புரூஃப உனக்குக் காட்டுனாங்களா?"

"இல்ல சார்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். ஜெராக்ஸில் வெட்டுப்பட்ட வரியைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"நீங்க என்னம்மா சொல்றீங்க?"

"கடைசி வரியில அந்த நம்பர மாத்தாம உட்டது நானுங்க. தப்பு என்னுது."

"வேற ஏதாவது?"

"வேற இல்லீங்க. என் தப்பு அவ்ளோதான்."

குழு ஒருமனதாக முடிவெடுத்தது. திருத்தச் சீட்டு ஒட்ட எனக்கு அனுமதி. ஐந்தாம் அத்தியாயத்தை நீக்கத் தேவையில்லை, தலைப்பில் 'எதிர்கால வாய்ப்புகள்' என்று சேர்த்தால் போதும். ஆய்வாளர்கள் யாரும் இனி அந்தக் கடையில் தட்டச்சு செய்யக்கூடாது என்று ஒரு சுற்றறிக்கை. காரணம், ஆராய்ச்சி நெறிமுறை மீறல். மாவட்டத்தில் அந்தக் கையேட்டின்படி தண்டிக்கப்பட்ட முதல் ஆள் அக்காதான். எனக்குத் தெரிந்து கடைசி ஆளும் அவர்தான்.

வெளியே சைக்கிள் ஸ்டாண்டில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டிருந்தார். நான் தயங்கித் தயங்கிப் போய் நின்றேன். கைப்பையைத் திறந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். பிரித்தேன். ஏழு ஊர், ஏழு வரி. கடைசி வரியில் 8.64. அடியில் ஸ்டாம்ப், நீல மையில் என் கையெழுத்து, தேதி. விசாரணை முழுக்க அது அவர் மடியில் இருந்திருக்கிறது.

"ஏங்க்கா காட்டல?"

"என் தப்ப நான் சொல்லிட்டேன். இது உங்களுது. உங்க தப்ப நான் எப்புடித் தம்பி சொல்றது?"

"அக்கா, நான்..."

"இருக்கட்டும். இன்னிக்கி இல்லன்னாலும் ஒரு நாள் சொல்லுவீங்க" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியைக் கிளப்பினார். மல்லாட்டை கொடுத்தபோது இருந்த அதே குரல்தான்.

அதற்குப் பிறகு நான் அந்தக் கடைக்குப் போகவில்லை. ரயிலுக்கு வேறு தெரு வழியாகப் போகப் பழகிக்கொண்டேன், கொஞ்சம் சுற்றுத்தான். ஆய்வேட்டு வேலைகள் நின்றுபோய், கல்யாணப் பத்திரிகையும் மனுவும் வைத்துச் சில காலம் ஓட்டினாராம். ஒருநாள் பார்த்தபோது அங்கே செல்போன் கவர் கடை இருந்தது. எங்கே போனார் என்று விசாரித்தால் தெரிந்திருக்கும். நான் விசாரிக்கவில்லை.

எனக்கு ஒரு குறையும் இல்லை. பட்டம், வேலை, நெறியாளர் ஓய்வு பெற்றதும் அவர் நாற்காலி எல்லாம் வரிசையாக வந்தன. அதே கையேடுதான் இன்றும். எட்டாம் பக்கம் சுத்தமாக இருக்கிறது. அதே பிரியாணி, இரண்டாம் நாள் கையெழுத்தை இன்றும் முதல் நாளே வாங்கிவிடுகிறோம். பிழையை அறிவிப்பது பற்றிய பாடத்துக்கு நல்ல உதாரணம் வேண்டுமென்று, தட்டச்சுப் பிழையால் ஒரு மண்ணாய்வு கெட இருந்த கதையைச் சொல்வேன். மாணவர்கள் ரசிப்பார்கள். இந்த முறை ஒரு மாணவி எழுந்து, "சார், அந்த ரிசர்ச்சர் புரூஃப் பாக்கவே இல்லீங்களா?" என்று கேட்டாள். டீ வந்துவிட்டது, இடைவேளை என்றேன். டீ வர இன்னும் அரை மணி நேரம் இருந்தது.

அன்று வீட்டுக்கு வந்து பரண் மேலிருந்து அந்த நான்கு மடிப்புத் தாளை எடுத்தேன். இதை எழுத உட்கார்ந்தேன். சொல்லிவிட்டேன் அக்கா, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

எல்லாவற்றையும் என்றா எழுதினேன்? தொடக்கத்தை இப்போது மறுபடி படித்தேன். அவர் பெயரை எழுதாததற்கு மரியாதை காரணம் என்று இருக்கிறது. தன் பெயரையும் போன் நம்பரையும் ஊர் முழுக்க ஒட்டியவருக்கு என்ன மறைப்பு வேண்டும்? அவர் பெயரைப் போட்டால் கடை தெரியும். கடை தெரிந்தால் ஆய்வேடு தெரியும், ஆய்வேடு தெரிந்தால் நான் யார் என்று தெரியும். மறைத்தது என்னைத்தான். அந்த வரியை அடித்துத் திருத்தப் பேனாவை எடுத்தேன். எடுத்த பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அது அப்படியே அச்சுக்குப் போகிறது.

இந்த முறை பார்த்தேன். பார்த்துத்தான் மாற்றாமல் விடுகிறேன். தப்பு என்னுது.